இடம்பெயரும் தெய்வம்: பேராக் தோட்டக் கோயில்கள் எழுப்பும் கேள்வி

தமிழர் சமயச் சிந்தனையில் தெய்வத்துக்கு நிலம் உண்டு. முல்லைக்கு மாயோன், குறிஞ்சிக்குச் சேயோன், மருதத்துக்கு வேந்தன், நெய்தலுக்கு வருணன் என்று தொல்காப்பியம் வகுக்கிறது. உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் ஆகியவை அடங்கிய கருப்பொருள் வரிசையிலேயே தெய்வத்தையும் வைக்கிறது. நாட்டார் வழிபாட்டில் இந்தப் பிணைப்பு இன்னும் இறுக்கமானது. ஐயனார் ஓர் ஊரின் எல்லையைக் காப்பவர். குலதெய்வம் முன்னோர் வாழ்ந்த மண்ணில் இருப்பது. எத்தனை தலைமுறை கழிந்தாலும் முதல் மொட்டைக்கும் காதுகுத்துக்கும் அந்த மண்ணுக்கே போகவேண்டும்.

அப்படியானால் மக்கள் மண்ணை விட்டுப் பெயரும்போது தெய்வம் என்ன ஆகிறது? அங்கேயே நின்றுவிடுகிறதா, கூட வருகிறதா, போன இடத்தில் புதிதாகப் பிறக்கிறதா? ஊர் விட்டு ஊர் போன எல்லாச் சமூகங்களுக்கும் உரிய கேள்வி இது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலும் அதைச் சுற்றிய பழைய ரப்பர்த் தோட்டங்களிலும், தமிழர் பல தலைமுறைகளாக இதற்குத் தம் வழிபாட்டாலேயே பதில் சொல்லி வந்திருக்கிறார்கள்.

சாத்திரமும் வழக்கமும் சொல்வது

சைவ சித்தாந்தத்தின்படி இறைவன் எங்கும் நிறைந்தவன். எங்கும் இருப்பவனுக்கு இடம்பெயர்தல் என்பது பொருந்தாது. ஆயினும் அடியாரின் திருவேடத்தையும் ஆலயத்தையும் இறைவனாகவே கண்டு தொழவேண்டும் என்று மெய்கண்டாரின் சிவஞானபோதம் தன் பன்னிரண்டாம் நூற்பாவில் வற்புறுத்துகிறது. எங்கும் இருப்பவன் ஓரிடத்தில் விளங்கித் தோன்றுகிறான். அந்தத் தோற்றத்துக்கு இடமும் வேண்டும், வழிபடுவோரும் வேண்டும் என்பது இதன் கருத்து.

ஆகமங்கள் இதைச் செயல்முறையாக்கின. கருவறையில் அசையாது நிற்பவர் மூலவர். வீதிக்கு எழுந்தருளுபவர் உற்சவர். கோயிலைத் திருப்பணிக்காகப் பிரிக்கும்போது கலாகர்ஷணம் என்னும் சடங்கால் மூர்த்தியின் ஆற்றலைக் கும்பத்து நீரில் ஏற்றி, பாலாலயத்தில் வைத்துப் பூசிக்கிறார்கள். பணி முடிந்தபின் அதே ஆற்றல் குடமுழுக்கின்போது திரும்பச் சேர்க்கப்படுகிறது. கல்லும் கட்டடமும் தெய்வத்தின் இருப்பிடமே தவிர, தெய்வத்தின் எல்லை அல்ல என்பதை இந்தச் சடங்கு ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நாட்டார் வழக்கம் இதே முடிவுக்குத் தன் வழியில் வந்தது. மாரியம்மன் திருவிழாவில் நீர்க்கரையில் கரகம் சோடித்து அம்மனை அழைக்கிறார்கள். விழா முடிந்ததும் கரகத்தை நீரில் விடுகிறார்கள். வேற்றூருக்குக் குடிபோனவர்கள் பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்து புது இடத்தில் பீடம் எழுப்புகிறார்கள். பிடிமண் வழக்கத்தில் நுட்பமான ஒரு சமரசம் இருக்கிறது. தெய்வம் மண்ணுக்கு உரியது என்ற கொள்கை கைவிடப்படவில்லை; அந்த மண்ணே தெய்வத்தோடு பயணம் செய்கிறது. ஆக, தெய்வத்தின் பெயர்ச்சிக்குச் சாத்திரத்திலும் வழக்கத்திலும் இடம் இருந்தது. அது எதுவரை செல்லும் என்பதைக் கடல் தாண்டிய வாழ்க்கை சோதித்தது.

மக்களின்றி நின்ற தெய்வங்கள்

பேராக் மண்ணில் இந்தியத் தெய்வ மரபு முதன்முதல் வந்தது தோட்டத் தொழிலாளரோடு அல்ல. பேராக்கின் வடகரையில், சதுப்புநிலக் காட்டிடையே உள்ள கோல செலின்சிங் என்னும் பழங்குடியிருப்பைத் தொல்லியலாளர் ஐவர் எவன்ஸ் ஆய்ந்தபோது, பல்லவ எழுத்துமுறையைச் சார்ந்த எழுத்தில் விஷ்ணுவர்மன் என்ற பெயர் பொறித்த சூதுபவள முத்திரை கிடைத்தது. பீடோரில் 1936ல் ஈயச் சுரங்க மண்ணுக்குள்ளிருந்து எட்டுக் கைகள் கொண்ட அவலோகிதேசுவரரின் வெண்கலச் சிலை வெளிப்பட்டது. ஈப்போ அமைந்த கிந்தா பள்ளத்தாக்கின் ஈய மண் வேறு பௌத்தப் படிமங்களையும் தந்திருக்கிறது.

இவை வங்கக் கடலின் இருகரைகளையும் இணைத்த வணிகத்தின் தடயங்கள். அந்தப் போக்குவரத்து ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. தாய்லாந்தின் தக்குவாபாவில் மணிக்கிராம வணிகரைக் குறிக்கும் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. மறுபுறம், ஸ்ரீவிஜய மன்னர் முதலாம் ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரையை எழுப்பினர். அந்த நட்பு நிலைக்கவில்லை. 1025ல் ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது.

இந்த முதல் வருகை நம் கேள்விக்கு ஒரு பாதிப் பதிலைத் தருகிறது. வணிகரும் துறவிகளும் தெய்வ வடிவங்களைக் கொண்டுவந்தார்கள். தலைமுறை தலைமுறையாக விளக்கேற்றும் குடிகள் நிலைக்கவில்லை, அல்லது வேறு சமயம் தழுவினர். சிலைகள் சேற்றில் புதைந்தன. இன்று அவை அருங்காட்சியகப் பொருள்கள். எவரும் அவற்றுக்கு நேர்ந்துகொள்வதில்லை. உருவம் மட்டும் கடல் கடந்தால் தெய்வம் கடல் கடந்ததாகாது.

கங்காணியோடு வந்த மாரியம்மன்

இரண்டாவது வருகை உழைப்பாளர்களுடையது. பேராக்கின் கிரியான் வட்டாரக் கரும்புத் தோட்டங்களுக்கு முதலில் ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். 1877ல் மலாயாவுக்கு வந்த ரப்பர்க் கன்றுகளில் சிலவற்றைப் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வாகனத் தொழில் ரப்பருக்கு விலை ஏற்றியதும் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் வட்டாரங்களில் காடு அழிந்து பால்மரத் தோட்டங்கள் பரவின. ஒப்பந்தக் கூலி முறை 1910ல் முடிவுக்கு வந்தது. பிறகு தொழிலாளரை மேற்பார்த்த கங்காணிகள் தம் ஊருக்கும் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் போய் ஆள் திரட்டினார்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம், ஆர்க்காட்டு மாவட்டங்களின் குடும்பங்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி பினாங்கில் இறங்கின. உடலுழைப்புத் தொழிலுக்கான உதவிபெற்ற குடியேற்றத்தை இந்திய அரசு 1938ல் தடைசெய்யும்வரை இது நீடித்தது.

கங்காணி முறையின் ஒரு விளைவு சமய வரலாற்றில் முக்கியமானது. ஒரே ஊரார் ஒரே தோட்டத்தில் சேர்ந்ததால் ஊரின் உறவுமுறையும் திருவிழாவும் நேர்த்திக்கடனும் சிதறாமல் வந்துசேர்ந்தன. தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்துக்கு அருகே மாரியம்மன் கோயில் எழுந்தது. தகரக் கூரையும் ஒரு சூலமும் போதுமாயிருந்தன. காடும் தோட்டமும் சந்திக்கும் எல்லையில் முனியாண்டி நின்றார். மதுரைவீரனும் சங்கிலிக் கருப்பரும் காளியம்மனும் தத்தம் வழிபாட்டாரோடு வந்தார்கள். தோட்ட நிர்வாகியான துரை நன்கொடை தந்தார், திருவிழாவுக்கு விடுமுறை விட்டார். கங்காணி பரிவட்டம் கட்டிக்கொண்டார். தோட்டத்தின் அதிகார அடுக்கு கோயிலிலும் அப்படியே தெரிந்தது. இருந்தும், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயராக மட்டும் எண்ணப்பட்ட ஆணும் பெண்ணும் தீமிதியிலும் பால்குடத்திலும் முழு மனிதராக நின்ற இடம் அந்தக் கோயிலே.

நகரத்தில் வேறு வழிகளில் தெய்வங்கள் வந்தன. நாட்டுக்கோட்டை நகரத்தார் தாம் வட்டித்தொழில் நடத்திய பர்மா, இலங்கை, மலாயா நகரங்களிலெல்லாம் செய்ததுபோல ஈப்போவிலும் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினர். குனோங் சீரோ சுண்ணாம்புக் குன்றின் குகையில் தொடங்கிய முருக வழிபாடு கல்லுமலைக் கோயிலாக வளர்ந்தது. ஒவ்வொரு தைப்பூசத்திலும் புந்தோங் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து காவடிகளும் பால்குடங்களும் கல்லுமலைக்குச் செல்கின்றன. குறிஞ்சிக் கடவுள் மலையுள்ள இடத்தைத் தேடிக்கொண்டான் என்று பக்தர்கள் கூறுவதில் தொல்காப்பியத்தின் திணைக் கொள்கை இன்னும் உயிரோடிருக்கிறது.

புது மண்ணில் மாறிய பொருள்

வந்த தெய்வம் பழைய தெய்வமேதானா என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டில் மாரியம்மன் மழை தருபவள்; ஆடியில் அவளுக்குக் கூழ் ஊற்றுவது வறண்ட நிலத்தின் வேண்டுதல். பேராக்கில் ஆண்டு முழுவதும் மழை உண்டு. பால்வெட்டுக்கு மழை பகை: விடிகாலையில் மழை பெய்தால் பட்டை நனைந்து வெட்டு நிற்கும், அன்றைய கூலி போகும். மழைக்காக வேண்டிய மக்கள் மழையால் கூலி இழக்கும் மக்களானார்கள். அம்மனின் மழை முகம் இங்கே பின்னுக்குப் போயிற்று. நோய் தீர்க்கும் முகமும், குழந்தைகளைக் காக்கும் முகமும், லயத்தைத் தன் கண்பார்வையில் வைத்திருக்கும் தாய்முகமும் முன்னுக்கு வந்தன. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கூட்டம் கூட்டமாக உயிர் குடித்த இடத்தில் அதுவே தேவைப்பட்டது.

முனியாண்டிக்கும் இதே மாற்றம். ஊரெல்லையில் குதிரையோடு காவல் காத்த மரபில் வந்தவர், இருட்டில் மர நிரைக்குப் பால்வெட்டப் போகும் தொழிலாளியைப் பாம்பிலிருந்தும் புலியிலிருந்தும் காப்பவரானார்.

உலகின் வேறு மூலைகளிலும் இப்படி நிகழ்ந்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா மக்களுக்கு யெமோஜா ஒரு நதித் தெய்வம். இன்றைய நைஜீரியாவின் ஓகுன் ஆறு அவளுடையது. அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களோடு பிரேசிலுக்கும் கியூபாவுக்கும் போனபின் அவள் கடலின் தாயானாள். ஆறு பின்னால் போய்விட்டது. கடக்க நேர்ந்த கடல் முன்னால் இருந்தது. தெய்வத்தின் பெயரும் அதன் மீதான கடப்பாடும் தொடர, அதன் நிலம் மட்டும் மாறியது. இந்த மாற்றத்தைச் சிதைவென்று தள்ளுவது தவறு. மாறாமல் இருந்திருந்தால் அந்தத் தெய்வங்கள் பீடோர்ச் சிலையைப் போல மண்ணுக்குள் போயிருக்கும்.

முன்பே இருந்தவர்களுக்குள்ள கடன்

வந்தவரின் தெய்வம் குடியேறும் இடம் வெற்றிடம் அல்ல. அங்கே முன்பே மக்கள் உண்டு, அவர்கள் மதிக்கும் ஆற்றல்களும் உண்டு. ஆதி ஆப்பிரிக்கச் சமூகங்களின் வரலாறு இதற்குச் சிறந்த பாடம். ஏறத்தாழ 5000 முதல் 4000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய நைஜீரியா - கேமரூன் எல்லைப் பகுதியிலிருந்து பாண்டு (Bantu) மொழிகள் பேசும் உழவர்கள் பரவத் தொடங்கினார்கள். மழைக்காட்டில் முன்பே வாழ்ந்த வேட்டைக் குடிகளை அவர்களில் பலர் நிலத்தின் முதல் உரிமையாளராக ஏற்றனர். சில அரசுகளில் மன்னன் பட்டமேற்கும் சடங்கில்கூட அந்தக் குடிகளுக்குப் பங்கு இருந்தது. வட கானாவின் தலென்சி மக்களை 1930களில் ஆய்ந்த மேயர் ஃபோர்டஸ், அவர்களிடையே இரு பிரிவுகள் இருப்பதைப் பதிவு செய்தார். பின்னர் வந்த குடிகளிடம் தலைமைப் பதவி இருந்தது. முன்பே இருந்த குடிகளின் பூசகர்களான தெண்டானாக்களிடம் மண்ணின் சடங்கு இருந்தது. ஒருவரின்றி ஒருவர் செயல்பட முடியாது. வந்தவனுக்கு ஆட்சி கிடைக்கலாம். மண்ணோடு உறவு வேண்டுமென்றால் முன்னவனின் கையால்தான் பெறவேண்டும் என்பது அங்குள்ள அறம்.

பேராக்கில் இதற்கு இணையான மரியாதை டத்தோ வழிபாட்டில் தெரிகிறது. மரத்தடியிலும் பாறையடியிலும் நிலத்தைக் காக்கும் ஆவிகள் உண்டென்ற மலாய் நம்பிக்கையைச் சீனர்கள் டத்தோ கோங் வழிபாடாக ஏற்றார்கள். அந்தக் காவலரை மலாய் முஸ்லிமாகவே கருதுவதால் அவருக்குப் பன்றி இறைச்சி படைப்பதில்லை. வெற்றிலை பாக்கும் சாம்பிராணியும் வைக்கிறார்கள். வெற்றிலை பாக்கும் சாம்பிராணியும் தமிழனுக்கும் பழக்கமான படையல். சில தமிழர் கோயில் வளாகங்களிலும் டத்தோவுக்குச் சிறு பீடம் இருக்கிறது. எல்லை காக்கும் முனியை அறிந்த மக்களுக்கு, அந்த எல்லையில் முன்பே ஒரு காவலர் இருப்பார் என்ற எண்ணம் அந்நியமாகப் படவில்லை. சீனர் முருகனுக்குக் காவடி எடுப்பது இதன் மறுபக்கம். ஈப்போவின் சுண்ணாம்புக் குகைகளில் ஒன்றில் முருகனையும், 1926ல் நிறுவப்பட்ட பேராக் தோங் முதலிய பிறவற்றில் புத்தரையும் இரு சமூகங்கள் பக்கம் பக்கமாக வணங்கி வருகின்றன.

ஆனால் இந்தக் கடன் முழுதாகத் தீர்க்கப்படவில்லை. தோட்டமாகவும் சுரங்கமாகவும் மாறிய காடுகளில் செமாய், தெமியார் என்னும் ஆதிக்குடிகளின் வாழிடம் இருந்தது. இந்த நிலத்தில் தமிழரின் உரிமையைப் பேசும் எவரும் அவர்களையும் சேர்த்து எண்ணுவது நியாயம்.

எதைச் சுமப்பது, எதை விடுவது

தெய்வத்தோடு கூட வந்த எல்லாமே போற்றத்தக்கவை அல்ல. சாதியும் அதே கப்பலில் வந்தது. பல தோட்டங்களில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத் தனி லயமும் தனிச் சிறுகோயிலும் இருந்தன. பொதுக் கோயிலில் அவர்கள் ஒதுங்கி நின்றார்கள். துரையின் முன் எல்லாரும் கூலிகள்தாம். அம்மன் முன் மட்டும் ஏற்றத்தாழ்வு எதற்கு என்ற கேள்வி எழாமல் இருக்க முடியாது.

அந்தக் கேள்விக்குப் பெரும் குரல் கொடுத்தவர் பெரியார். 1929 டிசம்பரில் ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டுக்கு அவர் வந்தார். சாதி வேற்றுமை, மூடச் சடங்கு, உயிர்ப்பலி, திருவிழாச் செலவு ஆகியவற்றை எதிர்த்த சுயமரியாதைக் கருத்துகள் மலாயா முழுதும் பரவின. வேறொரு திசையிலிருந்தும் திருத்தம் வந்தது. மலேசிய இந்து சங்கம் 1965ல் அமைந்தபின் சமயக் கல்வியும் ஆகம முறையும் வலுப்பெற்றன. பலி குறைந்தது, தகரக் கூரைகள் கோபுரங்களாயின, முனியாண்டி முனீஸ்வரரானார், பூசாரியின் இடத்தில் குருக்கள் வந்தார்.

இரு திருத்தங்களிலும் நன்மை உண்டு, இழப்பும் உண்டு. சாதித் தடை தளர்ந்தது பெரும் நன்மை. ஆனால் சுருட்டும் உடுக்கையும் அருள்வாக்கும் இழிவென்று ஒதுக்கப்பட்டபோது, காட்டை அழித்துத் தோட்டம் அமைத்த தலைமுறையின் சமயமே இழிவென்று பொருளாகிவிட்டது. மனிதரைத் தாழ்த்துவதை விடவேண்டும், மனிதரைத் தாங்கியதைக் காக்கவேண்டும் என்பதே இங்கே பொருந்தும் அளவுகோல்.

தோட்டம் மறைந்தபின்

மூன்றாவது பெயர்ச்சி நாட்டுக்குள்ளேயே நிகழ்ந்தது. 1950களில் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினார்கள். தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தார்கள். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க வழிசெய்தார். ஆனாலும் ரப்பர் எண்ணெய் தரும் செம்பனைக்கு வழிவிட்டது. செம்பனை வீடமைப்புத் திட்டங்களுக்கு வழிவிட்டது. லயம் காலியானது, கோயில் மட்டும் நின்றது.

இங்கே சமயக் கேள்வி சட்டக் கேள்வியாகிறது. துரையின் வாய்ச்சொல்லை நம்பிக் கட்டிய கோயில்களுக்குப் பட்டா இல்லை. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி பதிவில் உள்ள பெயருக்கே உரிமை. மூன்று தலைமுறை கும்பிட்ட இடம் ஒரு நாளில் அத்துமீறிய கட்டடமாகிவிடும். சிலாங்கூரின் சீஃபீல்ட் தோட்ட மாரியம்மன் கோயில் இடமாற்றத் தகராறு 2018 நவம்பரில் கலவரமாகி, அதில் காயமடைந்த ஒரு தீயணைப்பு வீரர் பின்னர் உயிரிழந்தது எல்லாச் சமூகத்தாருக்கும் வலி தந்த நிகழ்வு.

தெய்வத்தை இடம் மாற்றலாமா என்று ஒருமுறை லண்டன் பிரிவி கவுன்சிலே ஆராய்ந்திருக்கிறது. கல்கத்தா மல்லிக் குடும்பத்தின் குலதெய்வச் சிலையைப் பற்றிய 1925ஆம் ஆண்டு வழக்கு அது. தெய்வம் சட்டத்தின் பார்வையில் ஓர் ஆள். எங்கே இருக்கவேண்டும் என்பதில் அதன் விருப்பமும் கேட்கப்படவேண்டும். அதற்காகப் பேச, தன்னலமற்ற ஒருவரை நியமிக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. வேறு நாட்டுச் சட்டமாயினும் அதன் உட்கருத்து இங்கும் உதவும். உரிமையாளரும் கோயில் குழுவும் மட்டும் பேசி முடிக்கும் விவகாரமல்ல இது. அங்கே விளக்கேற்றியவர்கள், மண்ணில் முன்னோரைப் புதைத்தவர்கள், பக்கத்தில் வாழும் பிற சமயத்தார் ஆகியோரின் சொல்லும் அதில் சேரவேண்டும்.

ஆகமமும் நாட்டார் வழக்கமும் பேராக்கின் அனுபவமும் சேர்ந்து தரும் முடிவு தெளிவானது. தெய்வம் இடம்பெயரும்; அதைப் பெயர்ப்பது வழிபடுவோரின் கடப்பாடு. அந்தக் கடப்பாட்டோடு முறையாகக் கும்பத்தில் ஏற்றி எடுத்துச் சென்றால் புது இடமும் கோயிலே. மக்களைக் கலைத்துவிட்டுக் கட்டடத்தை மட்டும் நகர்த்தினால் அது வெறும் கல். ஆகவே பேராக்கில் எஞ்சியுள்ள தோட்டக் கோயில் ஒவ்வொன்றின் வரலாற்றையும் மூத்தவர்கள் இருக்கும்போதே எழுதிவைக்கவேண்டும். நிலப்பதிவு பெறக்கூடியவற்றுக்கு இப்போதே விண்ணப்பிக்கவேண்டும். பெறமுடியாதவற்றை இடிப்பு அறிவிப்பு வரும்வரை காத்திராமல், மக்கள் குடிபோன இடத்துக்கே உரிய சடங்கோடு கொண்டுசேர்க்கவேண்டும்.